வாலில்லாத இலைக்கோழி

பூந்தமல்லி வட்டாரத்தில் நிக்காஹ் ஆகட்டும், காதுகுத்து ஆகட்டும், அஜ்மலின் கேமரா வந்தால்தான் விசேஷம் நிறைந்தது என்று சொல்கிற குடும்பங்கள் உண்டு. அஜ்மலுக்கு மட்டும் மனசு ஒருநாளும் மண்டபத்தில் நின்றதில்லை. பந்தியைப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே மாமரத்தில் கூச்சல் போடும் தவிட்டுக்குருவிகள் பக்கம் லென்ஸ் திரும்பிவிடும். "இன்னா பாய், மாப்ளைய வுட குருவி நெறைய கீது" என்று பெண்வீட்டார் கேட்டால் சிரித்து மழுப்புவான்.

அப்படிப்பட்டவனைத் தேடி ஒரு தொலைக்காட்சியிலிருந்து அழைப்பு வந்தது. சரித்திரம், அறிவியல், காட்டுயிர் என்று நாள் முழுக்க ஆவணப்படங்கள் ஓடும் சேனல். அதுவரை வெளிநாட்டுச் சிங்கத்துக்கும் திமிங்கலத்துக்கும் தமிழில் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள், சென்னையின் ஏரிகளைப் பற்றிச் சொந்தமாக ஒரு தொடர் எடுக்கத் துணிந்தார்கள். அஜ்மல் இணையத்தில் போட்டிருந்த பறவைக் காட்சிகளைப் பார்த்த தயாரிப்பாளர் கிருஷ்ணப்பிரியா, பாரிவாக்கம் பக்கத்து ஏரியை அவனிடம் ஒப்படைத்தாள். கேமராவும் முழங்கை நீள லென்ஸும் சேனலே கொடுத்தது. அன்றைக்கு அவன் லென்ஸைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தான்.

ஏரியில் பாதி தண்ணீர், பாதி ஆகாயத்தாமரை. கிழக்கு மூலையில் மட்டும் அல்லி இலைகள் விரிந்து கிடக்கும். அங்கேதான் அந்த இலைக்கோழியைக் கண்டான். பிடரியில் பொன்னை உரசியது போல ஒரு மஞ்சள், வெள்ளைச் சிறகு, பின்னால் அரிவாளாக வளைந்த நீண்ட கறுத்த வால். இலைகள்மேல் அது நடந்தால் தண்ணீரே அசையாது. இந்தப் பறவையில் தாய் முட்டையிட்டதோடு சரி, அடுத்த துணையைத் தேடிப் போய்விடும். அடைகாப்பது, குஞ்சைக் காப்பாற்றுவது எல்லாம் தகப்பன் பாடு. நான்கு முட்டைகள், காய்ச்சிய வெல்லப்பாகின் நிறத்தில், மிதக்கிற இலைக்கூளத்தின் மேல் பளபளத்துக் கிடந்தன.

மூங்கில் நட்டு, பச்சை வலை கட்டி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு அஜ்மல் அங்கேயே குடியேறாத குறையாக உட்கார்ந்தான். கொசு பிடுங்கியது. முதுகு செத்துப் போனது. கிருஷ்ணப்பிரியா கேட்டதெல்லாம் ஒன்றுதான்: குஞ்சு வெளியே வரும் காட்சி.

"அதுதான் எபிசோடோட உயிர், அஜ்மல் சார். தகப்பன்தான் நம்ம கதை" என்றாள்.

தொல்லை வெளியிலிருந்து வரவில்லை, வீட்டிலிருந்தே வந்தது. அவன் மனைவி வஹீதுன்னிசா, குடியிருப்போர் சங்கத்தில் துணைத்தலைவி. போன மழையில் ஆகாயத்தாமரை போய் ஏரியின் உபரித் தண்ணீர் வழியும் கலங்கலை அடைத்துக்கொண்டது. வெளியேற வழியில்லாத தண்ணீர் தெருவுக்குள் ஏறியது. அவர்கள் வீட்டில் கட்டில் மிதந்தது, பீரோ சாய்ந்தது. அன்றிலிருந்து அவள் ஏரியைச் சுத்தம் செய்யச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். ஒருநாள் மத்தியானம் பால்கோவாப் பொட்டலத்தோடு வீட்டுக்குள் நுழைந்தாள்.

"ஆர்டர் ஆயிடுச்சுங்க. திங்கக்கெழம மெஷின் எறங்குது."

அஜ்மல் பிசைந்த சோற்றோடு அப்படியே இருந்தான். "ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்ல முடியாதா?"

"எதுக்கு?"

"முட்டை இன்னும் பொரிக்கல."

வஹீதுன்னிசா பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "போன வருஷம் உங்கம்மாவத் தோள்ல போட்டுகினு மாடிக்கு ஏறினீங்களே, அது ஞாபகம் இல்லியா? ஐப்பசி வர்றதுக்குள்ள கலங்கல் வரைக்கும் வழிச்சு எடுக்கணும். இதுக்காக நான் நிக்காத வாசல் இல்ல. இப்ப நானே போய், எங்க வூட்டுக்காரர் கோழி முட்டைக்குக் காவல் இருக்காரு, தள்ளி வைங்கன்னு சொல்லவா?"

"கோழி இல்ல, இலைக்கோழி."

"ரொம்ப முக்கியம்."

அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதுதான் அவனை அதிகம் எரிச்சலூட்டியது. சண்டை போடுவதற்காவது ஒரு நியாயம் வேண்டுமே. ராத்திரி அவன் சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்துவிட்டு, மறுநாள் அவளே சங்கச் செயலாளர் ரவிச்சந்திரனிடம் பேசினாள். மெஷின் மேற்குக் கரையில் ஆரம்பிக்கட்டும், கிழக்கு மூலை கடைசியில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. ரவிச்சந்திரன் முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, மிதவை மேல் ஏற்றிய பொக்லைன் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. ஓட்டுபவர் கன்னியப்பன், வெள்ளானூர்க்காரர். முதல் நாள் சொன்னபடி மேற்கில் வேலை நடந்தது. வலைக்குள் உட்கார்ந்திருந்த அஜ்மல், தூரத்து உறுமலைக் கேட்டு இலைக்கோழி தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதைப் படம் பிடித்தான். நல்ல காட்சிதான். அடுத்த நாள் காலை அந்த உறுமல் கிழக்கே நெருங்கி வந்தது.

வலையை விலக்கிக்கொண்டு கரையில் ஓடி, கையை ஆட்டி மெஷினை நிறுத்தினான். "அண்ணே, இந்த மூலை கடைசியிலதானே?"

"மேக்கால சேறு இழுக்குது அண்ணாத்தே. மாட்டிக்கினா என் மெஷின யாரு வந்து தூக்குவா? காண்டிராக்டர் இந்தப் பக்கம் வான்னு சொல்லிட்டாரு" என்றார் கன்னியப்பன்.

"ஒரு ரெண்டு நாள்..."

"நான் இன்னா பண்ணட்டும்? அவராண்ட பேசு."

காண்டிராக்டர் போனை எடுக்கவில்லை. ரவிச்சந்திரன் எடுத்து, "நாங்க சொன்னா கேக்குறானா பாய்" என்று வைத்துவிட்டார். வஹீதுன்னிசாவின் போன் அணைந்து கிடந்தது. சேனல் பெயரைச் சொல்லி மேலிடத்தில் யாராவது பேசினால் நடக்கும் என்று கிருஷ்ணப்பிரியாவை அழைத்தான். அவள் எடிட்டிங் அறையில் இருந்தாள்.

"ஏன் சார் இவ்ளோ டென்ஷன்? குஞ்சு ஷாட் நம்ம லைப்ரரியிலயே இருக்கு. ஆப்பிரிக்கால எடுத்தது. தகப்பன் குஞ்சுங்கள றெக்கைக்கு அடியில அணைச்சுக்கிட்டு நடக்கும், குட்டிக் காலுங்க மட்டும் கீழ தொங்கும். பாத்தா அழுதுருவீங்க."

"மேடம், அது வேற பறவை. அதுக்கு நெத்தியில நீலத் தகடு இருக்கும். இந்த வால் அதுக்குக் கெடையாது."

"குளோசப்ல வால் எங்க தெரியப் போகுது?"

"நம்ம ஏரின்னுதானே படத்துக்குப் பேரு?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "சார், எனக்கும் புரியுது. மேல இருக்கறவங்க கேக்குறது ஒரு தேதி. பறவைக்குத் தேதி தெரியாது, அவங்களுக்குத் தெரியும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே மெஷின் மறுபடி உறுமியது. அஜ்மல் போனைச் சட்டைப் பையில் திணித்தான். கேமரா வலைக்குள் முக்காலி அருகே, பேட்டரி வீணாகக் கூடாதென்று அணைத்து வைத்தபடி நின்றது. அதன் பக்கம் போகவே அவனுக்குத் தோன்றவில்லை. நேராக ஏரியில் இறங்கினான். சேறு முழங்காலை விழுங்கியது, தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஆகாயத்தாமரையை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு போய், பொக்லைனின் வாளிக்கும் அல்லி இலைகளுக்கும் நடுவில் நின்றான்.

கன்னியப்பன் வாளியை அந்தரத்தில் நிறுத்தினார். "இன்னா அண்ணாத்தே, பாம்பு கீம்பு கீது. ஏறு மேல."

"நீ நிறுத்து, ஏறுறேன்."

"உன் மேல பட்டா என் தலைதான் உருளும்."

வாளியிலிருந்து கறுப்புச் சேறு ஒழுகி அவன் தோளில் விழுந்தது. கரையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். சங்கத்து ஆட்கள், பால் வாங்கப் போனவர்கள், பள்ளி வேனுக்குக் காத்திருந்த பெண்கள். "பாய், உன் படத்துக்காக எங்க ஊடு முழுவணுமா?" என்று யாரோ கத்தினார். பதில் சொல்லத் திரும்பினான். திரும்பிய இடத்தில் இலைக்கோழி தெரிந்தது.

அது பறந்து போயிருக்கவில்லை. முட்டை ஒன்றைத் தாடைக்கும் மார்புக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்தது. ஓர் இலையில் கால், அடுத்த இலையில் கால். நீண்ட விரல்கள் இலையைத் தடவித் தடவித் தேடின. தள்ளி இருந்த அல்லிக் கூட்டத்தில் முட்டையை இறக்கிவிட்டு, ஓட்டமாகத் திரும்பி வந்து இரண்டாவதைக் குனிந்து எடுத்தது. ஒன்று நழுவித் தண்ணீரில் விழுந்து மிதந்தது. அலகால் உருட்டி மேலேற்றி, மறுபடி இடுக்கிக்கொண்டது. மெஷின், கூச்சல், நடுவில் நிற்கும் மனிதன் எதுவும் அதற்குப் பொருட்டில்லை.

இப்படி நடக்கும் என்று அஜ்மல் படித்திருந்தான். படித்தது வேறு. கண்ணால் பார்ப்பது வேறு. மறுகணம் கேமரா ஞாபகம் வந்து வலைப் பக்கம் திரும்பினான். வலைவரை போக அந்தச் சேற்றில் நீந்தியாக வேண்டும். போனால் வாளி இறங்கும். ஈரக்கையால் போனை எடுத்தான். தண்ணீர் புகுந்த திரை அவன் விரலைச் சட்டை செய்யவில்லை. அழுத்தினான், துடைத்தான், மறுபடி அழுத்தினான். நான்காவது முட்டையும் இடம் மாறிவிட்டது. கரையில் நின்ற இத்தனை பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவனைப் பார்த்துத் திட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

மத்தியானத்துக்குள் காண்டிராக்டரின் ஆள் வந்து, தகராறு நடக்கிற இடத்தில் வேலை செய்ய மாட்டோம் என்று மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். காட்டுப்பாக்கம் பக்கம் வேறு வேலை காத்திருந்ததாம். கலங்கல் பக்கத்தில் ஆகாயத்தாமரை தொட்டுக்கூடப் பார்க்கப்படாமல் கிடந்தது.

வஹீதுன்னிசா அன்று வீட்டில் சத்தம் போடவில்லை. அவன் சேற்றுச் சட்டையை வாளியில் ஊறவைத்துக்கொண்டே பேசினாள்.

"சொல்லியிருந்தா நான் வந்து நின்னிருப்பேனே."

"போன் அடிச்சேன். ஆஃப்ல இருந்துச்சு."

"கலங்கல் பக்கம் முதல்ல வழிக்கச் சொல்லி ஆபீசர் முன்னாடி உக்காந்திருந்தேன். கையெழுத்தும் போட்டாரு. வெளிய வர்றதுக்குள்ள மெஷின் போயிடுச்சு." சட்டையை ஓங்கி அடித்தாள். "முட்டையாவது தப்பிச்சுதா?"

நடந்ததைச் சொன்னான். கேட்டுவிட்டு, "அத எடுத்தீங்களா?" என்றாள்.

அவன் நனைந்துபோன போனை எடுத்துத் திரையைத் துடைத்தான். அவள் மறுபடி கேட்கவில்லை.

அதே வாரத்தில் குஞ்சுகள் வெளியே வந்தன. மூன்றுதான் பிழைத்தன. பஞ்சுருண்டை போல இலைமேல் தட்டுத் தடுமாறி, தகப்பன் சிணுங்கியதும் ஓடிவந்து அதன் வயிற்றடியில் புகுந்தன. அஜ்மல் அதையெல்லாம் எடுத்தான். வெளிச்சம் சரியாக விழுந்த காட்சிகள். அவன் இத்தனை வருஷத்தில் எடுத்ததிலேயே சிறந்தவை. சாயங்காலமே அனுப்பினான்.

"ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றாள் கிருஷ்ணப்பிரியா. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "ஆனா எடிட் லாக் ஆயிடுச்சு, இனி மாத்த முடியாது. குரல் பதிவும் முடிஞ்சுது. அடுத்த சீசன் வந்தா கண்டிப்பா வெச்சுக்கலாம்."

ஐப்பசி அந்த வருஷம் கொஞ்சம் கருணை காட்டியது. தண்ணீர் தெருமுனைவரை வந்து நின்று, யோசித்துவிட்டுத் திரும்பிப் போனது. மழை விட்ட பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை படம் ஒளிபரப்பானது. கம்பீரமான குரல், உருக்கமான இசை. பொன்பிடரி இலைக்கோழி தலையைத் தூக்கிப் பார்த்தது. அடுத்த வெட்டில் நெற்றியில் நீலத் தகடு மின்ன, ஆப்பிரிக்கப் பறவை ஒன்று குஞ்சுகளை இறக்கைக்கடியில் இடுக்கிக்கொண்டு நடந்தது. சென்னைப் புறநகரின் இந்தச் சிறிய ஏரியில் ஒரு தகப்பனின் தியாகம் என்றது குரல். கடைசியில் ஓடிய பொடி எழுத்துகளில், சில காட்சிகள் வேறிடங்களில் படமாக்கப்பட்டவை என்றிருந்தது. அஜ்மல் நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் படிக்க முடிந்தது.

மறுநாள் ரவிச்சந்திரன் வீடு தேடி வந்து கையைக் குலுக்கினார். "பாய், தப்பா நெனைச்சுட்டோம். அந்தக் குஞ்ச தூக்கிகினு போற சீன் கீதே, எங்க ஊட்ல எல்லாரும் அழுதுட்டாங்க."

"அது நம்ம ஏரி இல்ல சார். ஆப்பிரிக்கா."

ரவிச்சந்திரன் சிரித்தார். "நீ ரொம்ப அடக்கம் பாய்."

அதற்கப்புறம் ஏரிக்கரையில் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அம்பத்தூரிலிருந்தும் ஆவடியிலிருந்தும் பைக்கில் வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்து நீலநெற்றிப் பறவையைத் தேடினார்கள். தேடிக் கிடைக்காததும், மெஷின் விட்டதால்தான் அது ஓடிப்போய்விட்டது என்று ஒரு பேச்சு கிளம்பியது. மெஷினைக் கொண்டுவந்தது யார்? வஹீதுன்னிசா. ஏன் மெஷின் வரவில்லை என்று ஐப்பசிக்கு முன்னால் அவளைக் கேட்டவர்களே இப்போது ஏன் வரவழைத்தாய் என்றார்கள். சங்கக் கூட்டத்தில் ஒருவர் அதை எழுந்தே சொல்லிவிட்டார்.

அன்று மாலை அஜ்மல் அவளையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனான். ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அவன் கிழக்கு மூலையைக் காட்டினான். "அதோ, அதுதான் அந்தத் தகப்பன். கூட நிக்கிறது குஞ்சுங்க, வளந்துடுச்சு."

பருவம் முடிந்து அதன் நீண்ட வால் உதிர்ந்திருந்தது. பிடரியின் பொன்னும் மங்கி, சாதாரணப் பழுப்புப் பறவையாக இலைமேல் எதையோ கொத்திக்கொண்டிருந்தது.

"அது இல்லபா, நாங்க டிவில பாத்தோமே" என்றார் ஒருவர். "நெத்தியில நீலமா இருக்கும்."

"டிவில வந்த படமே நான் எடுத்ததுதாங்க."

அவர் அஜ்மலை ஏற இறங்கப் பார்த்துவிட்டு நண்பரோடு நகர்ந்தார். அஜ்மல் வாயைத் திறந்தான். வஹீதுன்னிசா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"வுடுங்க" என்றாள். பிறகு இலைக்கோழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இது எப்ப திரும்ப முட்டை வெக்கும்?"

"வெயில் தணிஞ்சு, ஆடிக்கு மேல."

"அப்ப மாசி பங்குனிக்குள்ள மெஷின் வரணும்" என்றாள். "நாளைக்கே போறேன். நீங்களும் வாங்க. இந்தத் தடவ அந்த ஆளுங்ககிட்ட நீங்க பேசுங்க, எனக்குத் தொண்டை போயிடுச்சு."

கரையில் இருந்தவர்கள் இன்னும் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தார்கள். இலைக்கோழி அவர்களுக்கு எதிரிலேயே இலைவிட்டு இலை மாறி நடந்து போனது.