இன்ஜின் இல்லாத வண்டிக்கு ஒரு டிரைவர்

சங்கிலிபூதத்தான் வழக்கில் ஜெயித்துத் திரும்ப வேலைக்கு வந்ததிலிருந்து ஒரு வேலையும் செய்யவில்லை. செய்ய விட்டால்தானே!

பிரேக் பிடிக்காத பஸ்ஸை எடுக்கமாட்டேன் என்று சொன்ன குற்றத்துக்காக முதலாளி எபனேசர் அவரை வெளியே அனுப்பியிருந்தார். தொழிலாளர் நீதிமன்றமோ, அனுப்பியது தப்பு, பழைய வேலையிலேயே சேர்த்துக்கொள், நின்ற சம்பளத்தையும் கொடு என்று சொல்லிவிட்டது. எபனேசர் சம்பளத்தைக் கொடுத்தார். பஸ்ஸைக் கொடுப்பாரா? வண்ணார்பேட்டை ஷெட்டில், இன்ஜினைக் கழற்றிப் பேட்டை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பிவிட்டு வெறுங்கூடாகக் கிடந்த ஒரு வண்டியைக் காட்டினார்.

"இதான்வே உம்ம வண்டி. காலையில ஏறி உக்காரணும், சாயந்தரம் எறங்கணும். அம்புட்டுதான்."

அதோடு விட்டாரா பாவி மனுஷன்? கோர்ட்டில் ஜெயித்தவன் லட்சணத்தை ஊரே பார்க்கட்டும் என்று, வண்டியை ஆள் வைத்துத் தள்ளி, மூஞ்சி ரோட்டைப் பார்க்க ஷெட் வாசலில் நிறுத்தினார். மேனேஜர் கோமு அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பார். ஆள் சீட்டில் இல்லையென்றால், வேலையை விட்டுவிட்டு ஓடிவிட்டான் என்று எழுதிவிடலாமே! "என்ன செஞ்சாலும் நீங்களா எறங்கிப் போயிராதீங்க அண்ணாச்சி. போனா ஜெயிச்ச கேஸு தோத்துரும்" என்று வக்கீல் சாலோமி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

உட்கார்ந்து உட்கார்ந்து பூதத்தானுக்குப் பைத்தியம் பிடிக்கும்போல் இருந்தது. ஓடாத வண்டிக்குக் கியர் மாற்றிப் பார்த்தார். அந்தப் பக்கம் போகிற டிரைவர்களெல்லாம் ஹாரன் அடித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். வீட்டில் சொல்லி அழலாம் என்றால் மனைவி இசக்கித்தாய், "சும்மா இருக்கதுக்குச் சம்பளம் தாராவ. அதுவும் ஒமக்குக் கசக்குதோ?" என்றாள்.

கசக்கத்தான் செய்தது. வேலையில்லாமல் வீட்டில் கிடந்தபோதுகூட இத்தனை கேவலமாக இருந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதலாளி வந்ததும் "எனக்கு உம்ம வேலையே வேண்டாம்" என்று சொல்லிவிடும் முடிவோடுதான் சீட்டில் ஏறினார்.

அன்றைக்கென்று பெரிய முகூர்த்தம். போகிற பஸ்ஸிலெல்லாம் படியில் தொங்கக்கூட இடமில்லை. நம் ஆட்களுக்கு ஒரு கணக்கு உண்டு. போர்டு இருக்கிறதா, கண்டக்டர் வந்தாரா என்றெல்லாம் பார்க்கமாட்டார்கள். டிரைவர் சீட்டில் ஏறிவிட்டாரா, வண்டி கிளம்பப்போகிறது! முதலில் ஒரு துண்டு ஜன்னல் வழியாகப் பறந்து வந்து சீட்டில் விழுந்தது. பின்னாலேயே ஒரு குடை, ஒரு கட்டைப்பை, ஒரு கைக்குழந்தை. பூதத்தான் திரும்பிப் பார்ப்பதற்குள் வண்டி நிறைந்துவிட்டது.

"எய்யா, எறங்குங்க! இது போவாது!"

"எல்லா டிரைவரும் இதத்தாம்லே சொல்லுவான். நீ எடத்த விட்டுறாத" என்றது பின்சீட்டு.

முன்சீட்டைப் பிடித்திருந்த ஜனாபா என்ற அம்மாள் பத்தமடையில் அக்கா மகள் நிக்காஹுக்குப் போகிறவள். "போவாத வண்டியில நீ என்ன வாப்பா செய்யுத?" என்று கேட்டாள்.

"டூட்டி பாக்கேன்."

"அப்ப எடு."

இந்த நேரத்தில்தான் எபனேசர் காரில் வந்து இறங்கினார். நிறைந்த வண்டியைப் பார்த்ததும் ஓடி வந்தார். "ஏ, எறங்குங்க! வண்டியில இன்ஜினே கெடையாது!" என்று கத்தினார்.

"இன்ஜின் இல்லாத வண்டிக்கு டிரைவர் எதுக்கு அண்ணாச்சி?" என்றாள் ஜனாபா.

பழிவாங்கத்தான் என்று எபனேசர் நடுரோட்டில் நின்று சொல்ல முடியுமா? பூதத்தான்தான் சொன்னார்: "கோர்ட்டு எனக்கு வேலை குடுக்கச் சொல்லிச்சு. மொதலாளி சீட்ட மட்டும் குடுத்திருக்காவ."

வண்டியே சிரித்தது. சிரித்து முடித்ததும் எல்லோருக்கும் கோபம் வந்தது. "அந்தா உள்ள நிக்குதே பாபநாசம் வண்டி, அத எடுக்கச் சொல்லும்! இல்லன்னா ஒருத்தரும் எறங்கமாட்டோம்!"

"அது ஸ்பேர் வண்டிய்யா. இருக்க டிரைவர் பூராவும் ரோட்டுல இருக்கான். ஓட்ட ஆளில்ல" என்று எபனேசர் வாய்தவறிச் சொல்லிவிட்டார்.

அத்தனை முகமும் பூதத்தான் பக்கம் திரும்பியது.

"கோமு, சாவியக் குடுலே."

"யாருக்கு மொதலாளி?"

"ஒங்க தாத்தாவுக்கு! அவருகிட்ட குடுலே!"

பூதத்தான் கையை நீட்டவில்லை. காலையில் விட்டுவிடுவதாக இருந்த வேலை அது. இப்போது அதை யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்தார். "இன்னைக்கு மட்டும்னா வேண்டாம் மொதலாளி. நான் இங்கனயே இருந்துக்கிடுதேன். நாளைக்கும் இந்த வண்டி எனக்குன்னா தாங்க" என்றார்.

"சொல்லும்வே!" என்று பின்சீட்டு அதட்டியது.

எபனேசர் பல்லைக் கடித்தார். "சரி... நாளைக்கும் நீருதான். என்னைக்கும் நீருதான். போயித் தொலையும்!"

துண்டும் குடையும் குழந்தையும் பாபநாசம் வண்டிக்கு இடம் மாறின. கண்டக்டருக்கு எங்கே போவது? மேனேஜர் ஆவதற்கு முன்னால் கோமு கண்டக்டராக இருந்தவர்தான். தோளில் பையை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "ரைட், போலாம்ணே" என்றார்.

வண்டி ரோட்டில் ஏறியதும் பூதத்தான் அழுதுவிட்டார். மறைக்கக்கூட இல்லை.

"அழுகதுன்னா பத்தமடை வந்தப்பொறவு அழு வாப்பா. இப்ப ரோட்டப் பாரு" என்று ஜனாபா பதறினாள்.

"தெனமும் ரோட்டத்தான் உம்மா பாத்துக்கிட்டு இருந்தேன். இன்னைக்குத்தான் அது நவுருது."