இடம் போதவில்லை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று கேட்டால், எழுத்தாளர் வழக்கம்போல மழை, ஜன்னல், தூரத்து ரயில் சத்தம் என்று எதையாவது அள்ளிவிடுவார். நம்பாதீர்கள். ஒரு சின்ன மடிக்கணினி "இடம் போதவில்லை" என்று சொன்னதிலிருந்து பிறந்த கதை இது.

மடிக்கணினி அவருடைய மனைவியுடையது. பரீட்சை அட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். வயதாகிவிட்டது. மூடி பின்னால் சரிந்துவிடுவதால் சுவரில் சாய்த்துத்தான் திறக்க வேண்டும். மருத்துவர்கள் வாயால் சொல்லிப் பதிந்து அனுப்பும் நோயாளி அறிக்கைகளை அதில் தட்டச்சு செய்துதான் அவள் சம்பாதிக்கிறாள். ஒழிந்த நேரத்தில் எழுத்தாளரின் கதைகளையும் தட்டச்சு செய்கிறாள். எழுத்தாளர் என்று பெயரே தவிர அவர் எழுதுவதில்லை. முன்னறையில் உட்கார்ந்து கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார். உள்ளறையில் அவள் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்பாள். இந்த வரியும் அப்படித்தான் வந்துகொண்டிருக்கிறது.

[ஆமாம். — தட்டச்சு செய்பவர்]

மருத்துவமனையிலிருந்து தகவல் வந்திருந்தது. திங்கட்கிழமை முதல் பழைய இயங்குதளத்தில் அவர்களுடைய தளம் திறக்காது. புதியதற்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். வீடு ஓடுவது அந்த வேலையில்தான். இலக்கியத்தில் ஓடுகிறது என்று யாராவது நினைத்திருந்தால் அவர்களுக்கு நன்றி.

2

முதல் தொடக்கம்: "திரையின் நீல ஒளி அவள் முகத்தில் ஒரு தீராத சோகத்தைப் போல" — வேண்டாம், எடுத்துடு.

[எடுக்கவில்லை. என் முகத்தில் சோகம் ஒன்றும் இல்லை. மூக்குக்கண்ணாடி இருந்தது.]

இரண்டாம் தொடக்கம்: "மனிதன் இயந்திரத்தைப் புதுப்பிக்கிறான், ஆனால் இயந்திரமோ மனிதனை" — இது கதையில்லை, ஞாயிற்றுக்கிழமை இணைப்புக்கு எழுதுகிற கட்டுரை. இதையும் எடுத்துடு.

மூன்றாவதாக, நடந்ததை நடந்தபடி சொல்லிவிடலாம். உள்ளறையிலிருந்து அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, கொஞ்சம் வாங்க. புது சிஸ்டம் ஏத்த இடம் பத்தலையாம். எதையாவது அழிச்சாத்தான் மேல போகுமாம்."

3

இந்த மாதிரி நேரத்துக்கென்றே எழுத்தாளரிடம் ஒரு குரல் உண்டு. அதை எடுத்தார்.

"என் கதையெல்லாம் அழிச்சிடு. ரெண்டு நாவல், பாதியில நிக்குற மூணாவது, எல்லாத்தையும். உன் வேலைதான் முக்கியம்."

சொல்லிவிட்டு, அவள் பதறுவாள் என்று காத்திருந்தார். அவள் பதறவில்லை. எதையோ இரண்டு தடவை சொடுக்கிப் பார்த்தாள்.

"நீங்க எழுதினது எல்லாத்தையும் ஒண்ணா சேர்த்தாலும், எங்க அண்ணன் வீட்டுக்கு வெள்ளையடிச்சப்ப எடுத்து அனுப்பின வீடியோவுல பாதிகூட வரல. இதை அழிச்சு ஒரு பிரயோஜனமும் இல்லைங்க."

எழுத்தாளருக்குச் சுருக்கென்றது. வாழ்நாள் முழுக்க முக்கி முனகிச் சேர்த்தது, தியாகம் செய்யக்கூட லாயக்கில்லாமல் இத்தனை இலேசாக இருந்திருக்கிறது.

"அப்ப எதுதான் அடைச்சிக்கிட்டு இருக்கு?"

"நீங்க பேசினது."

பதிவுகளையெல்லாம் அவள் வைத்திருந்தாள். தட்டச்சு முடிந்ததும் குப்பைக்குப் போய்விடும் என்றுதான் அவர் இத்தனை காலமும் நினைத்திருந்தார். இருமல், கொட்டாவி, சொல் கிடைக்காமல் இழுத்த இழுவை, எல்லாம் பத்திரமாக இருந்தன.

"எழுதினதுக்கு இடமே தேவைப்படலைங்க. யோசிச்சதுதான் இடத்தை எடுத்திருக்கு," என்றாள்.

[இது நான் சொன்னதுதான். பதிவில் இதைத் தன் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நான் மாற்றிவிட்டேன்.]

4

இங்கே எழுத்தாளருக்கு மனைவி பாத்திரத்தின்மேல் சந்தேகம் வருகிறது. எதற்காக வைத்திருந்தாள்? மறந்துபோய் என்று சொல்லலாம், ஆனால் அவள் எதையும் மறக்கிற ஆள் இல்லை. கணவரின் மேதைமைமேல் உள்ள மரியாதை என்று சொல்லலாம்.

[சிரித்ததில் இரண்டு எழுத்து தப்பாகிவிட்டது. திருத்திவிட்டேன்.]

அவளிடமே கேட்டார். அவள் ஒரு பதிவை ஓடவிட்டாள்.

"அவள் கதவைத் திறந்தாள், முற்றுப்புள்ளி. ஏய், தலைவலி விட்டுச்சா? காலையிலயே உன் முகம் சரியில்ல. மாத்திரை போட்டுக்கோ. நீ படுத்துட்டா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. சரி, அடுத்த பத்தி. வெளியே காற்று..."

அவள் நிறுத்தினாள். எழுத்தாளர் நின்ற இடத்திலேயே நின்றார். தன் குரல்தான். ஆனால் இப்படி ஒரு ஆள் தன் வீட்டில் இருக்கிறான் என்பது அவருக்கே புதுச் செய்தி. சாப்பாட்டு மேசையில் அவர் பேசுவது கரண்ட் பில், குழாய் ஒழுகுவது, விசிறி சத்தம் போடுவது. தலைவலி எப்படி இருக்கிறது என்று அவளை நேருக்கு நேர் பார்த்துக் கேட்க வாய் வந்ததில்லை.

"எல்லாத்துலயும் இந்த மாதிரி ரெண்டு வரி இருக்கும்," என்றாள். "நானும் பதில் சொல்லிக்கிட்டுதான் இருந்தேன். இதுகிட்ட."

மடிக்கணினியைக் காட்டினாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. அந்தப் பதிவுகள் போனால் அவளுக்கு மிஞ்சுவது கரண்ட் பில் கேட்கிற ஆள் மட்டும்தான்.

5

வாசகர்களில் விவரமான ஒருவர் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பார்: பென் டிரைவில் போட்டு வைத்தால் என்ன? எழுத்தாளர் அவரைக் கண்டும் காணாததுபோல் இருக்கிறார். பென் டிரைவ் உள்ளே வந்தால் கதை அங்கேயே படுத்துவிடும்.

[மேசை இழுப்பறையில் ஒன்று இருக்கிறது, காலியாகவும் இருக்கிறது. அன்றைக்கே சொன்னேன். கதையில் விட்டுவிட்டார். "பென் டிரைவ்ல போட்டுக்கலாம்ங்க" என்றதும், "அப்பாடா, உயிர் வந்துச்சு" என்று திரும்பி நடக்கப் பார்த்தார். "போடலாம்தான். போட்டுட்டா நீங்க நிம்மதியா முன்னறையில போய் உட்கார்ந்துப்பீங்க. நான் மறுபடியும் காதுல மாட்டிக்கிட்டு உட்காரணும். அதான் யோசிக்கிறேன்" என்றேன். அவர் போய் இந்தக் கதையைப் பதிய ஆரம்பித்தார்.]

6

ஆக, பொத்தானை இன்னும் யாரும் அழுத்தவில்லை. தொடரவா, ரத்து செய்யவா என்று கணினி கேட்டபடி இருக்கிறது. முடிவுகள் கைவசம் மூன்று உண்டு.

ஒன்று: அவள் எல்லாவற்றையும் அழிக்கிறாள். புது இயங்குதளம் ஏறுகிறது, வேலை தப்புகிறது, வீடு நிசப்தமாகிறது. விமர்சகர்களுக்குப் பிடிக்கும்.

இரண்டு: பதிவுகள் பென் டிரைவுக்குப் போகின்றன, பென் டிரைவ் இழுப்பறைக்குப் போகிறது. எல்லோரும் சௌக்கியம். பத்திரிகைகளுக்குப் பிடிக்கும்.

மூன்று:

[இந்த இடத்தில் பதிவு முடிந்துவிட்டது. பாதிதான் வந்திருக்கிறதோ என்று காதில் மாட்டியதைக் கழற்றினேன். அவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். கைப்பேசி கையில் இல்லாததால் கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"மூணாவது என்னன்னா..." என்று ஆரம்பித்தார். நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு மாதிரி ஆரம்பித்தார். அதுவும் சரியாக வரவில்லை. நான் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். முழுசாகச் சொல்லி முடிக்க நிறைய நேரம் ஆனது. நானும் நடுவில் பேசினேன்.

அதை இங்கே அடிக்கப்போவதில்லை. பொத்தானை அழுத்தினேனா, இதை அடிப்பது பழைய சிஸ்டத்திலா புதியதிலா என்பதை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு கட்டாயம் வேண்டும் என்றால் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது எனக்கு.]