அம்பத்தெட்டுத் தொண்ணூத்திமூணு

பேராசிரியர் ஹாலாஸ்யம் தன் இருபத்தெட்டு வருட வாத்தியார் வாழ்க்கையில் செய்த ஒரே பெரிய தவறு, ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தது. கொடுத்ததுகூடத் தவறில்லை. அதை உண்மையாகவே செய்துகொண்டு வரக்கூடிய பிள்ளை ஒன்று வகுப்பில் இருக்கிறது என்பதை மறந்துபோனதுதான் தவறு.

நாகமலை புதுக்கோட்டையைத் தாண்டி, மலையடிவாரத்தில் இருக்கும் தனியார் கல்லூரி அது. அங்கே இயற்பியல் துறைக்கு அவர் தலைவர். ஜூன் மாதம் பிரின்சிபால் ஓய்வு பெறுகிறார். அடுத்த பிரின்சிபால் யார் என்பதைத் தாளாளர் இன்னும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் மாதங்கி மாமி, "ஏன்னா, பிரின்சிபால் ரூம்ல ஏ.சி. உண்டோன்னோ?" என்று ஐந்தாறு தரம் கேட்டாயிற்று. தாளாளரோ ஒரே ஒரு தரம்தான் கேட்டார்: "உங்க டிபார்ட்மென்ட்ல புதுசா என்ன சார் பண்றீங்க?" அந்த ஒரு கேள்வி போதாதா மனுஷனுக்கு! ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் படித்ததைத் திங்கட்கிழமை வகுப்பில் இறக்கி வைத்துவிட்டார்.

"ஒரு அட்டைப்பெட்டி, ஒரு பழைய டி.வி.டி., ரெண்டு பிளேடு. அவ்வளவுதான். ஒளியைப் பிரிச்சுப் பாக்கிற ஸ்பெக்ட்ரோஸ்கோப்பை வீட்லயே செஞ்சிடலாம். எல்லாரும் செஞ்சு, பாத்த விளக்கையெல்லாம் நோட்ல எழுதிட்டு வாங்க."

வகுப்பில் முப்பத்தொன்பது பேர். முப்பத்தெட்டுப் பேர் இன்டர்நெட்டில் எடுத்த படத்தை ஒட்டிக் கொடுத்தார்கள். முப்பத்தெட்டுப் படத்திலும் ஒரே வெள்ளைக்காரன் கை, ஒரே மோதிரம். ஹாலாஸ்யம் எல்லாவற்றிலும் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

முப்பத்தொன்பதாவது ஆள்தான் முத்துமீனா. பேரையூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பிள்ளை. செருப்புக் கடைப் பெட்டி ஒன்றைக் கறுப்புத் தாள் ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். பெட்டியின் ஒரு முனையில் பிளேடை இரண்டாக ஒடித்து, நடுவில் மயிரிழை இடைவெளி விட்டு ஒட்டியிருந்தாள். மறுமுனையில், கண் வைத்துப் பார்க்கிற ஓட்டையில், வெள்ளிப் பூச்சை உரித்துவிட்ட டி.வி.டி. துண்டு. அது அவள் அக்காவின் கல்யாண டி.வி.டி. போட்டுப் பார்க்க வீட்டில் பிளேயரும் இல்லை, பார்க்க வேண்டும் என்ற ஆசை அக்காவுக்கும் இல்லை.

நோட்டில் வரிசையாக எழுதியிருந்தாள். பேரையூர் பஸ் ஸ்டாண்டு டியூப் லைட்: தனித்தனிக் கோடுகள், பச்சைக் கோடு பளிச்சென்று தெரிகிறது. டீக்கடை எல்.இ.டி. பல்பு: கோடு இல்லை, நிறம் நிறமாகப் பட்டை. அழகர்கோவிலில் ஏற்றிய கற்பூரம்: பட்டை. கேஸ் அடுப்பின் நீலத் தீயில் கல்லுப்பைத் தூவியபோது: ஒரே ஒரு மஞ்சள் கோடு. அது உப்பில் உள்ள சோடியம்.

'அடடே, பரவாயில்லையே' என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டே பக்கத்தைத் திருப்பினார் ஹாலாஸ்யம். கடைசி வரி கண்ணில் பட்டது.

நம்ம லேப் சோடியம் விளக்கு: கோடு இல்லை. பட்டை.

நோட்டைப் பட்டென்று மூடினார்.

"சார், ஒரு டவுட்டு சார்" என்றாள் முத்துமீனா. "சோடியம்னா ஒத்தக் கோடுதான சார் வரணும்? நம்ம லேப்புல எம்புட்டு நேரம் பாத்தாலும் டீக்கடை பல்பு மாதிரியே பட்டையா வருது. நான் பொட்டியத்தான் தப்பாச் செஞ்சிட்டேனா சார்?"

"ஆமாம்மா, பெட்டிதான் தப்பு" என்றார் ஹாலாஸ்யம், மூச்சு விடாமல். "ஆய்வகத்துக்குள்ள இந்த மாதிரி அட்டை கிட்டையெல்லாம் எடுத்துட்டு வரக் கூடாது. தீப்பிடிச்சா யார் பதில் சொல்றது?"

பெட்டியில் ஒரு தப்பும் இல்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் கல்லூரியின் சோடியம் விளக்கு புஸ்ஸென்று உயிரை விட்டது. புது விளக்கு வேண்டும் என்று கேட்டால், 'உங்க பொறுப்புல இருந்ததுதான சார்' என்று தாளாளர் புருவத்தைத் தூக்குவாரே என்று பயந்தார் ஹாலாஸ்யம். விளக்கு இருந்த கறுப்பு மரப்பெட்டிக்குள் ஒரு எல்.இ.டி. பல்பை மாட்டினார். ஆண்டு விழாவுக்கு வந்த பூச்செண்டின் மஞ்சள் கண்ணாடித்தாளைக் கிழித்து அதன் முன்னால் ஒட்டினார். தற்காலிக ஏற்பாடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தற்காலிகத்துக்கு ஒன்பது வயசாகிவிட்டது. விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் லேப் அட்டெண்டர் நல்லகாமன் மட்டும்.

கூத்து என்னவென்றால், அந்த ஒன்பது வருஷமும் பிள்ளைகள் அந்தப் பல்பின் முன்னால் உட்கார்ந்து சோடியத்தின் அலைநீளத்தை அளந்துகொண்டேதான் இருந்தார்கள். அளந்தவர்கள் எல்லோருக்கும் அம்பத்தெட்டுத் தொண்ணூத்திமூணு ஆங்ஸ்ட்ராம் என்று அச்சுப் பிசகாமல் விடை வந்தது. வராமல் என்ன செய்யும்? அந்த எண் புத்தகத்தில் இருக்கிறது, சீனியர் அண்ணன்களின் ரெக்கார்டு நோட்டில் இருக்கிறது, பரீட்சையன்று பாதிப் பேர் உள்ளங்கையில் இருக்கிறது. அந்த மரப்பெட்டிக்குள் மட்டும்தான் இல்லை. நிஜமான சோடியம் விளக்கு சூடேறப் பத்து நிமிஷம் ஆகும். போட்டவுடனே எரிகிற எல்.இ.டி. பல்புக்கும் ஹாலாஸ்யம் அந்த மரியாதையை விடவில்லை. "சூடாகட்டும், பத்து நிமிஷம் யாரும் தொடாதீங்க" என்பார். பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும்.

இந்த லட்சணத்தில் அடுத்த வாரம் செய்முறைப் பரீட்சை. வெளியிலிருந்து தேர்வாளர் வருகிறார். அவர் முன்னால் இந்தப் பெண் வாயைத் திறந்தால் பிரின்சிபால் நாற்காலி அம்போ. ஹாலாஸ்யம் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

பரீட்சையன்று காலையில் நல்லகாமனைத் தனியே அழைத்தார். எந்தச் சோதனை யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் கொடுப்பது வழக்கம். "அந்தப் பேரையூர்ப் பொண்ணுக்கு ஊசல் சோதனைச் சீட்டை நீயே எடுத்துக் கையில குடுத்துடு. நூல்ல குண்டைக் கட்டி ஆட்டிண்டு கிடக்கட்டும்."

"அதெல்லாம் நான் பாத்துக்கிறேன் சார்" என்றான் நல்லகாமன்.

வெளித்தேர்வாளர் ஜெயக்கொடி வந்து இறங்கினார். ஆள் நல்ல குஷியில் இருந்தார். காலை டிபன் அப்படி. நெய் ரோஸ்ட்டுக்கு மேல் ஒரு பொங்கலும் உள்ளே போயிருந்தது. அந்தக் குஷியில், "தட்டக் குடுங்கப்பா, இன்னிக்கு நானே சீட்டு நீட்டுறேன்" என்று நல்லகாமன் கையிலிருந்து தட்டை வாங்கிவிட்டார். முத்துமீனா ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். சோடியம் விளக்கு.

நல்லகாமன் மேலே சுற்றும் மின்விசிறியை ஆராய்ச்சி செய்தான்.

அதே சீட்டு எடுத்த மற்ற ஆறு பேர் பத்து நிமிஷம் பல்பு சூடாவதற்குக் காத்திருந்து, கருவியின் தொலைநோக்கியில் ஒரு கண்ணை வைத்து, இன்னொரு கண்ணால் உள்ளங்கையைப் பார்த்து எழுத ஆரம்பித்தார்கள். முத்துமீனா மட்டும் எழுந்து ஜெயக்கொடியிடம் வந்தாள்.

"சார், எனக்குச் சோடியம் லைட்டு வேணும் சார்."

"அதான் எரியுதேம்மா, மஞ்சளா."

"அது சோடியம் இல்ல சார்."

ஹாலாஸ்யம் முன்னே பாய்ந்து, "அந்தப் பொண்ணுக்குப் பரீட்சைப் பயம் சார், ராத்திரி தூங்கியிருக்காது" என்றார். ஜெயக்கொடி கையமர்த்தினார். "எப்படிம்மா சொல்ற?" என்று கேட்டார். அவள் வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் பையிலிருந்த செருப்புப் பெட்டியை எடுத்துவந்து நீட்டினாள். ஜெயக்கொடி அதைக் கண்ணில் வைத்து மரப்பெட்டியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"சார், ஸ்பிரிட் விளக்கும் கொஞ்சம் உப்பும் குடுத்தாப் போதும். சோடியம் லைட்ட நானே உண்டாக்கிக்கிறேன்" என்றாள் முத்துமீனா.

தேர்வாளருக்கு வந்திருந்த மதியச் சாப்பாட்டுப் பார்சலில் உப்புப் பொட்டலம் இருந்தது. ஜெயக்கொடியே அதை எடுத்துக் கொடுக்கச் சொன்னார். நல்லகாமன் ஒரு கம்பியில் ஈர உப்பை அப்பித் தீயில் பிடிக்க, நீலத் தீ குப்பென்று மஞ்சளானது. அவள் குனிந்து அளக்க ஆரம்பித்தாள்.

ஜெயக்கொடி ஹாலாஸ்யத்தின் தோளில் கைபோட்டு அடுத்த அறைக்கு அழைத்துப்போனார். கதவைச் சாத்தினார். தீர்ந்தது கதை என்று ஹாலாஸ்யம் கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, அந்த மஞ்சத்தாளு எங்க வாங்குனீக?" என்றார் ஜெயக்கொடி.

"என்னது?"

"எங்க காலேஜ்லயும் இதே பல்புதாண்ணே, ஆறு வருஷமா. நாங்க ஒட்டுன தாளு வெளுத்துப்போச்சு. பயபுள்ளைக வெள்ள லைட்டப் பாத்தே அம்பத்தெட்டுத் தொண்ணூத்திமூணுன்னு எழுதுறாய்ங்க. பாக்கிற நமக்கே கூச்சமா இருக்குல்ல? உங்களுது நல்லா பளபளன்னு இருக்கு."

ஹாலாஸ்யத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் விக்கி விக்கிச் சிரித்தது. பூச்செண்டுத் தாள் இன்னும் ஒரு முழம் பீரோவில் இருந்தது. அதை மடித்து ஜெயக்கொடியின் பையில் அவரே வைத்துவிட்டார். ஜெயக்கொடி சந்தோஷமாகக் கைகழுவிச் சாப்பிடப் போனார்.

ஹாலாஸ்யம் லேப்புக்குத் திரும்பினார். முத்துமீனா நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். உப்புத் தீ இன்னும் எரிந்தது. செருப்புப் பெட்டி மேஜை ஓரத்தில் கிடந்தது. யாரும் பார்க்காத நேரத்தில் அதை எடுத்துக் கண்ணில் வைத்தார்.

இருட்டில் ஒரே ஒரு கோடு. மெல்லிசாக, சுத்த மஞ்சளாக நின்றது. மாணவனாக இருந்தபோது முதல் தரம் அதைப் பார்த்துவிட்டு, அன்று முழுக்க எதிரே வந்தவர்களையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டு திரிந்தது ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷமாகத் தன் பிள்ளைகளில் ஒருத்தருக்குக்கூட இதைக் காட்டவில்லையே என்று வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். பிறகு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சாயங்காலம் மதிப்பெண் போட உட்கார்ந்தார்கள். ஆறு பேருக்கும் அம்பத்தெட்டுத் தொண்ணூத்திமூணு. ஆறு பேருக்கும் இருபதுக்கு இருபது. முத்துமீனாவின் விடை அம்பத்தொம்பது முப்பது. உப்புத் தீ ஆடும், பழைய கருவி கொஞ்சம் பிசகும். நிஜமாக அளந்தால் அந்த அளவு வித்தியாசம் வரத்தான் செய்யும். அது இருவருக்குமே தெரியும்.

"முப்பத்தேழு ஆங்ஸ்ட்ராம் பிசகுதேண்ணே. என்ன செய்யிறது?" என்றார் ஜெயக்கொடி.

"ரூல்னா ரூல்தானே சார்" என்றார் ஹாலாஸ்யம். பதினொன்று போட்டார்.

அவள் வாசலில் காத்திருந்தாள். மார்க் விஷயம் நல்லகாமன் மூலம் அதற்குள் அவள் காதுக்குப் போயிருந்தது. கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் கலங்கவில்லை.

"சார், என் ரீடிங் தப்பா சார்?"

"தப்புத்தாம்மா. சோடியம்னா அம்பத்தெட்டுத் தொண்ணூத்திமூணு. உலகத்துக்கே தெரியும்."

"அவங்க ஆறு பேரும் பாத்தது சோடியமா சார்?"

ஹாலாஸ்யம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஸ்கூட்டர் சாவியைத் தேடினார். அது கையிலேயே இருந்தது.

ஜூனில் அவர் பிரின்சிபால் ஆனார். ஏ.சி. அரங்கத்தில் பாராட்டு விழா. தாளாளர் தன் கையாலேயே பொன்னாடை போர்த்தினார். முன்வரிசையில் மாதங்கி மாமி புதுப் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். ஏற்புரைக்கு எழுந்த ஹாலாஸ்யத்துக்கு வார்த்தை அருவியாகக் கொட்டியது.

"ஒன்பது வருஷமா எங்க இயற்பியல் துறை ஆய்வகத்துல ஒரு மாணவர்கூடத் தப்பா அளந்தது கிடையாது. துல்லியம்னா அப்படி ஒரு துல்லியம்! ஒரே ஒருத்தரைத் தவிர" என்று நிறுத்தினார். அரங்கம் சிரித்தது. தாளாளரும் சிரித்தார்.

அப்போதுதான் கடைசி வரிசையைப் பார்த்தார். டி.சி. வாங்க வந்திருந்த முத்துமீனா அங்கே நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. பையிலிருந்து செருப்புப் பெட்டியை நிதானமாக எடுத்தாள், கண்ணில் வைத்தாள், மேடையை நோக்கித் திருப்பினாள்.

ஹாலாஸ்யத்தின் தலைக்கு மேலே மேடை விளக்கு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. அதைத்தான் பார்க்கிறாள், வேறு எதைப் பார்க்கப் போகிறாள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பொன்னாடையை இரண்டு கையாலும் இழுத்து மார்பை மூடிக்கொண்டார்.

மேடையோரம் நின்ற நல்லகாமன் பதறிப்போய் அருகே வந்தான். "என்ன சார், குளிருதா? ஏ.சி.யக் கொறைக்கச் சொல்லவா?"

"வேண்டாம்" என்றார் ஹாலாஸ்யம். மைக் முன்னால் நிற்பதை மறந்துவிட்டார். "லைட்டை அணைய்யா."