புத்தகத்துக்கு மட்டும்

டென்மார்க்கில், ஸ்வென்போர்க் ஊரின் படகுத்துறைக்கு மேலே இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பில், எல்லாரும் துணி துவைக்கிற பொது அறைக்குள் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். சலவை இயந்திரம் சுற்றும்போது கத்திப் படிப்பார்கள். நின்றதும் குரல் தணியும்.

இரண்டு பெட்டிப் புத்தகங்களோடு வந்த வில்லாட்ஸ் வாசலிலேயே நின்றுவிட்டார். படகுக் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகளின் வாசிப்புச் சங்கத்துக்கு வருஷம் தவறாமல் பணம் தருவார். ஒரே நிபந்தனை: புத்தகத்துக்கு மட்டும். வாடகைக்கோ சம்பளத்துக்கோ அதில் ஒரு குரோனர் காசுகூடப் போகக் கூடாது. அவரைப் பார்த்து, பணம் தந்த ஊர்க்காரர்கள் எல்லாரும் அதே நிபந்தனையைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். நம் ஊர்க்காரர்களைத் தப்பாக நினைக்காதீர்கள் கண்ணுகளா, நல்ல மனசுதான்.

"என்ன மாரென், பாடமா சலவையா?"

"ரெண்டும்தான் கேப்டன்!" என்றாள் ஆசிரியை மாரென். "நம்ம சங்க அறையில ஹீட்டர நிறுத்தி மூணு வாரமாச்சு. கட்டணம் கட்டல. இங்கயாவது கதகதப்பா இருக்கு. புத்தகத்த அங்க வைக்காதீங்க, போன பெட்டியே பிரிக்காம கெடக்கு. அடுத்த மாசம் பிரிக்க நானும் இருக்கமாட்டேன். பேக்கரில வேலை கெடச்சிருக்கு. மூணு மாசமா சம்பளமில்ல, எனக்கும் அடுப்பெரியணுமே."

மாரென் போனால் சங்கத்தை மூட வேண்டியதுதான். வேறு ஆசிரியை கிடையாது.

ஒரு பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த சங்கத் தலைவி போடில் பக்கம் திரும்பினார் வில்லாட்ஸ்.

"ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

போடிலின் முகம் சிவந்தது. "எப்படிச் சொல்வேன்? 'நிர்வாகச் செலவே கிடையாது'ன்னு சங்க நோட்டீஸ்ல பெருமையா அச்சடிச்சவளே நான்தான். வருஷக் கூட்டத்துல எல்லாரும் எழுந்து கைதட்டினீங்க. அதுக்கப்புறம் வாடகை பாக்கி, சம்பள பாக்கின்னு சொல்ல வாய் வருமா?"

"மொதல்ல தட்டினது நான்தான்," என்றார் அவர் மெதுவாக.

இயந்திரம் நின்றது. கோடையில் எழுத்துக் கூட்டவே திணறிய ஒரு சிறுமி, மாரெனின் விரல் போன வழியே ஒரு பக்கம் முழுக்கப் படித்து முடித்தாள். வில்லாட்ஸ் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார்.

"மாரென், ரொம்ப நன்றிம்மா. இத்தனை வருஷமா நான் புத்தகத்துக்குத்தான் நன்றி சொல்லிட்டிருந்தேன்."

மாரெனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"போடில், அந்த நிபந்தனைய இப்பவே எடுத்துடு. என் பணம் மொதல்ல இவ சம்பளத்துக்கு, அப்புறம் ஹீட்டருக்கு. கூட்டத்துல நானே எழுந்து சொல்றேன்: பிள்ளைங்க படிக்கணும்னா, படிக்க வைக்கிறவங்களும் வயிறாரச் சாப்பிடணும். அவங்க சம்பளம் வீண் செலவில்ல, அதுதான் படிப்பே!"