படி கூடிய பல்கலைக்கழகம்

பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டடம் முதல் தடவை தரையை விட்டு எழும்பியது ஒரு வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு வேளையில். வெளியூர்ப் போட்டியில் பல்கலைக்கழகத்து ஓட்டக்காரி நானூறு மீட்டரில் முதலாவதாக வந்த அதே நிமிடம், கட்டடம் ஒரு சாண் மேலே போய் நின்றது. வாசற்படிக்கும் தரைக்கும் நடுவே பூனை புகுந்து போனது. பராமரிப்புத் தச்சர் வந்து பார்த்தார், தலையைச் சொறிந்தார், இருக்கிற படிகளுக்கு அடியில் மரத்தால் இன்னொரு படி அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் இன்னொரு பதக்கம், இன்னொரு படி. மூன்றாவது பதக்கத்துக்குப் பிறகு யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த வருஷம் இரண்டாயிரமாக இருந்த சேர்க்கை விண்ணப்பங்கள் நாற்பதாயிரமாயின. நாட்டிலேயே உயரமான பல்கலைக்கழகம் என்று சேர்க்கைக் கையேட்டின் அட்டையில் போட்டார்கள். பொய் ஒன்றும் இல்லையே!

துணைவேந்தரின் அறை அந்தக் கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. வேதியியல் பேராசிரியையாக இருந்து அந்த நாற்காலிக்கு வந்தவர் அவர். அவருடைய கணவர் ரயிலில் நாற்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து, ஓடுகிற வண்டியில் நடந்து நடந்தே முழங்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு ஓய்வு பெற்றவர். கீழே குடியிருப்பில் இருந்தார். படி ஏறுவதென்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். மனைவிதான் தினமும் சாயங்காலம் இறங்கி வருவார், இருவரும் சூடாக டீ குடிப்பார்கள். கணவரின் கண் அறுவைச் சிகிச்சைக்காக மனைவி ஒரு வாரம் சேர்ந்தாற்போலக் கீழேயே தங்கியபோதுதான் வினை பிடித்தது. கட்டடம் மூன்று படி இறங்கிவிட்டது. கையேடோ அதற்குள் அச்சாகியிருந்தது. பதறிப்போன ஆட்சிக்குழு, துணைவேந்தர் பதவிக்காலம் முழுவதும் கட்டடத்தை விட்டு இறங்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போட்டது. அறுபது கோப்புகளுக்கு நடுவே செருகி வந்த அந்தத் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டது யார்? துணைவேந்தரேதான். ஆய்வகத்தில் புட்டியின் சீட்டை இரண்டு தடவை படிக்காமல் மூடியைத் திறக்காத மனுஷி, இதைப் படிக்காமல் போட்டுவிட்டார்.

முதல் வருஷம் மனைவி ஜன்னலில் நின்று பேசுவார், இவர் முற்றத்தில் நின்று பதில் சொல்வார். இரண்டாம் வருஷம் கத்த வேண்டியிருந்தது. மாத்திரை போட்டாச்சா என்று அவர் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் போட்டாச்சு என்பார். மூன்றாம் வருஷம் குரல் எட்டவில்லை. கோப்புகளை ஏற்றி இறக்கும் கயிற்றுக் கூடையில் இவர் டீயும் ஒரு துண்டுக் கடிதமும் வைத்து அனுப்புவார். டீ மேலே போகும்போது ஆறிப் பச்சைத் தண்ணீராகிவிடும். வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு நாற்காலிகள். தூசி படியக் கூடாதென்று ஒருநாள் தன் நாற்காலியிலும் மறுநாள் அவளுடையதிலும் மாறி மாறி உட்கார்ந்து சாப்பிட்டார். ஊரே ஜெயிக்கட்டும் ஜெயிக்கட்டும் என்று ரேடியோவைக் கட்டிக்கொண்டு கிடக்க, ஒரு வருஷமாவது தோற்றுத் தொலைய மாட்டார்களா என்று ஏங்கிய ஒரே ஜீவன் அவர்தான்.

ஏழாம் வருஷம் முழங்கால் வலி தாங்க முடியவில்லை என்று எழுதி அனுப்பினார். கடிதம் மறுநாள் கூடையில் திரும்பி வந்தது. அதன் ஓரத்தில் மனைவியின் கையெழுத்து: “பார்வையிட்டேன். உரிய நடவடிக்கை எடுக்கவும்.” கோப்போடு கோப்பாகப் போட்டிருக்கிறாள். பாவம், அவளைச் சொல்லி என்ன பயன்? ஆனாலும் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாய்விட்டே அழுதார்.

மறுநாள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். இந்த ஒரு போட்டியைத் தோற்கச் சொல்லிக் கெஞ்சுவதென்று முடிவு. ஓட்டக்காரி பந்தயப் பாதையின் ஓரத்தில் உட்கார்ந்து கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். எடுத்ததும் தோல்வியைப் பற்றிப் பேச நா எழவில்லை.

“என்னம்மா படிக்கிறே?”

“தாவரவியல், அங்கிள். முதுகலை. ஆனா வகுப்பு கிடையாது. அந்தக் கட்டடத்தோட நிழல் விழுந்து தோட்டமெல்லாம் பட்டுப்போச்சு, துறையையே பூட்டிட்டாங்க.”

“அப்புறம் என்ன பண்றே?”

“ஓடறேன்” என்று சிரித்தாள். “இது ஒண்ணுதான் மிச்சம்.”

அதற்கு மேல் அவர் என்னத்தைக் கேட்பது? நல்லா ஓடும்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். படிக்கட்டின் அடியில் வந்து நின்று அண்ணாந்து எண்ணினார். நூற்று எண்பத்தாறு. தச்சர் அங்கே புதுப் பலகைக்கு இழைப்புளி போட்டுக்கொண்டிருந்தார்.

“தினம் வந்து எண்ணிட்டுப் போறீங்களே சார், ஏறினா என்ன?”

“நான் பத்து ஏறுறதுக்குள்ள நீ இன்னும் பத்து போட்டுடுவியேப்பா.”

“அட போங்க சார்! படிக்கட்டு கட்டடத்தோட சேர்ந்துல்ல எழும்புது. நான் புதுசா போடறதெல்லாம் அடியிலதானே? ஒரு படி ஏறி நின்னுட்டீங்கன்னா, அப்புறம் அவங்க எத்தனை ஜெயிச்சா உங்களுக்கென்ன?”

ஏழு வருஷம் இது தன் மண்டையில் உறைக்கவில்லையே என்று அவர் தன்னையே திட்டிக்கொண்டார். வீட்டைப் பூட்டி, ஒரு பிளாஸ்க் நிறைய டீ போட்டு எடுத்துக்கொண்டு ஏறத் தொடங்கினார். காலையில் ஒரு படி, மாலையில் ஒரு படி. முழங்கால் அதற்கு மேல் சம்மதிக்கவில்லை. படியிலேயே தூங்கினார். கோப்புக் கூடை கடந்து போகும்போது அதில் தச்சர் வைத்தனுப்பும் ரொட்டியை எடுத்துச் சாப்பிட்டார். அந்த மூன்று மாதத்தில் பல்கலைக்கழகம் ஒன்பது பதக்கம் வாங்கியது. ஒவ்வொரு தடவையும் படிக்கட்டு குலுங்கியது. ஓடுகிற ரயிலில் நின்ற கால்கள் அசையவில்லை. கீழே எங்கேயோ தச்சரின் சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது.

தொண்ணூற்று மூன்றாம் நாள் மாலை துணைவேந்தரின் அறைக் கதவைத் தள்ளினார். மனைவி தலை நிமிரவில்லை. முடி முழுக்க நரைத்திருந்தது. எதிரே ஆளுயரத்துக்குக் கோப்புகள்.

“அங்க வச்சுட்டுப் போங்க” என்றார்.

அவர் போகவில்லை. பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு அடங்கும்வரை காத்திருந்தார். மனைவி அடுத்த கோப்பைத் திறந்து பேனாவை வைக்கப் போனார்.

“படிச்சுப் பாத்துட்டுப் போடும்மா.”

பேனா நின்றது. மனைவி நிமிர்ந்து பார்த்தார். கணவர் பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றினார். மூன்று மாதத்து டீ எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. மனைவி ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

“ஆறிப்போச்சுங்க” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அடுத்தது இங்கேயே போட்டுக்கலாம்.”

அப்போது கட்டடம் மெல்லக் குலுங்கியது. அந்தப் பெண் ஜெயித்துவிட்டாள். வெற்றி வந்தால் துணைவேந்தர் ஜன்னலில் நின்று கையசைக்க வேண்டும் என்பது நடைமுறை. அவ்வளவு உயரத்தில் அசைவது கையா காகமா என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அன்றைக்கு இரண்டு கைகள் அசைந்ததாகத் தச்சர் மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு, அடியில் அடுத்த படியைப் போட்டார்.