பேரிங் சூடு

என் மனைவி கண்மணியின் பூட்ஸை எடுத்துப்போக ரிச்மண்ட் துறைமுகத்துக்குப் போனபோது கப்பலின் இன்ஜினை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரும்பு ஏணியில் இறங்கும்போதே அதன் அதிர்வு பாதத்தில் தெரிந்தது. கீழே யாமினி இருந்தாள். கண்மணியைப் போலவே மெக்கானிக்கல் படித்து, கணவனின் விசாவில் வந்து, சம்பளத்துக்கு வேலை பார்க்க அனுமதி இல்லாதவள். இந்த இரண்டாம் உலகப் போர்க்காலச் சரக்குக் கப்பலைச் சனிக்கிழமைகளில் சம்பளமில்லாமல் பழுதுபார்க்கிறவர்களோடு இருவரும் சேர்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க, வெல்டிங்கே தெரியாத பொம்பளைங்க ரெண்டே மாசத்துல கட்டுனதுங்க" என்பாள் கண்மணி. "ஒருக்கா சரக்கு போய்ச் சேர்ந்தாப் போதும்னு கட்டுனாங்களாம். பசிபிக் போயி, கொரியா போயி, இன்னும் மிதக்குது. நம்ம காரு மூணு வருசம் தாங்கல."

பிப்ரவரி மழையில், ஃப்ரீவேயில், அந்தக் காரில்தான் இறந்துபோனாள். நான் அழவில்லை. காபி நாக்கைச் சுட்டதுகூடப் பிறகுதான் தெரிகிறது. கோபியிலிருந்து அத்தை ஞாயிறுதோறும் போனில் கேட்கிறார்.

"இன்னைக்காச்சும் அழுதீங்களா மாப்ளே?"

"இல்லீங்கத்தே."

"அழுதுருங்க சாமி. எனக்குப் பயமா இருக்குது."

கீழே யாமினி என் பக்கம் திரும்பவில்லை. "பூட்ஸ் லாக்கர்ல இருக்கு அண்ணா. வெயிட் பண்ணுங்க, இத விட்டுட்டு வர முடியாது." ஆள் உயர இரும்புத் தண்டு மேலே வரும் ஒவ்வொரு முறையும் அவள் கை உள்ளே போய், தண்டு சுழலும் பேரிங்கைத் தொட்டு, வெளியே வந்தது.

"மீட்டர் இல்லையா?"

"கைதான் மீட்டர். சூடு ஏறினா தெரியணும், இல்லன்னா நடுக்கடல்ல நின்னுடும். அந்தப் பக்கம் கண்மணியோடது. அவளுக்குக் கை நீளம். நான் எக்கி எக்கி சாகறேன்."

"நான் பார்க்கட்டுமா?"

அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "வாட்ச கழட்டுங்க. மோதிரமும். மாட்டிச்சுன்னா விரல் போயிடும்."

மோதிரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். குழாயோரத்தில் இருந்த கொக்கியைக் காட்டினாள்.

"அவ தாலிய அங்கதான் மாட்டுவா. அவங்கம்மாக்குத் தெரிஞ்சா கொன்னுருப்பாங்க."

மாட்டினேன். தண்டு வந்தது. கையை நீட்டினேன், எடுத்தேன். முதல் இரண்டு சுற்று தப்பியது. மூன்றாவதில் தொட்டேன்.

"சூடு இருக்கா?"

"இருக்கு."

"எவ்ளோ?"

இன்னொரு சுற்று தொட்டேன். "தூங்குறவங்க நெத்தி மாதிரி."

"அப்ப கரெக்ட். நிறுத்தாதீங்க அண்ணா."

தண்டு மறுபடி மேலே வந்தது. கொக்கியில் மோதிரம் நடுங்கிக்கொண்டிருந்தது.