வலிச்சா இடது கையைத் தூக்குங்க

அந்த வாக்கியத்தை டாக்டர் வருகிறவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிடுவார். "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்." சொல்லி முடிப்பதற்குள் சின்னக் கண்ணாடி வாய்க்குள் போயிருக்கும். பல் மருத்துவம் படித்த காலத்திலேயே கூடப் படித்தவர்கள் அவருக்கு எக்ஸ்பிரஸ் என்று பேர் வைத்திருந்தார்கள். சின்ன ஸ்டேஷனில் எல்லாம் நிற்காது என்று அர்த்தம். அவரும் அதை ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி இத்தனை வருஷமாகத் தலையில் வைத்துக்கொண்டு திரிந்தார். மற்றவர்கள் வியர்த்து விறுவிறுத்து மல்லுக்கட்டும் கடைவாய்ப் பல்லை அவர் காப்பி ஆறுவதற்குள் தட்டில் போட்டுவிடுவார். சும்மா சொல்லக் கூடாது, கைராசிக்காரர் என்றுதான் நாலு தெருவிலும் பேச்சு.

அப்பேர்ப்பட்ட எக்ஸ்பிரஸை ஒரு பஸ் டிரைவர் நிறுத்திவிட்டார்.

பஸ் ஓட்டுகிற பெண், நாற்பது வயது இருக்கும். கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுக்க வந்தவர். மரத்துப்போவதற்குப் போட்ட ஊசி சரியாகப் பிடிக்கவில்லை, பிடிக்கும்வரை டாக்டர் காத்திருக்கவும் இல்லை. 'மூன்று தடவை கையைத் தூக்கினேன், மூன்று தடவையும் முழங்கையால் என் கையை இறக்கிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்' என்று பல் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்துவிட்டார். டாக்டர் அவசரப்படுகிறார், சொல்வதைக் காதில் வாங்குவதில்லை என்று ஏற்கெனவே வந்து கிடந்த வேறு இரண்டு புகார்களும் அதோடு சேர்ந்துகொண்டன. விசாரணைக்குக் கூப்பிட்டார்கள்.

நீள மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள், "எப்படி இறக்கினார்னு காட்ட முடியுமா?" என்று அந்தம்மாவைக் கேட்டார்கள். அவர் இடது கையை நெஞ்சுக்கு நேரே தூக்கி, வலது முழங்கையை அதன்மேல் வைத்து மடிவரைக்கும் அமுக்கிக் காட்டினார்.

"முரட்டுத்தனமாவா?"

"இல்லைங்க, மெதுவாத்தான். பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கும்போது பூனை வந்து மேல உட்கார்ந்தா நகர்த்தி விடுவோமே, அந்த மாதிரி. திட்டக்கூட இல்லை."

டாக்டருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை. "சுத்தப் பொய்," என்றார். "நான் அவங்க கையைத் தொடவே இல்லை. அவங்க தூக்கவும் இல்லை. தூக்கியிருந்தா எனக்குத் தெரியாதா?"

வெளியே தாழ்வாரத்தில் அந்தம்மா எதிரே வந்து நின்றார். "நான் ஏன் சார் பொய் சொல்லணும்? லீவு போட்டுட்டு வந்து இங்க நிக்கிறேன், எனக்கென்ன தலையெழுத்தா?" என்று கேட்டார். அழுகிற குரல் இல்லை, நிஜமாகவே காரணம் தெரியாமல் கேட்கிற குரல். டாக்டர் செல்போனைப் பார்த்தபடி விலகி நடந்துவிட்டார்.

கவுன்சில் தீர்ப்பு சொன்னது. அவசரப்பட்டது உண்மை, மரத்துப்போகக் காத்திருக்காதது உண்மை. கையை இறக்கிவிட்டார் என்பது மட்டும் நிரூபிக்கப்படவில்லை. ஆறு மாதம் இன்னொரு டாக்டரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய வேண்டும். கடைசியில் அவர் தரும் அறிக்கை நன்றாக இருந்தால் பழையபடி தனியாகத் தொழில் பார்க்கலாம், இல்லாவிட்டால் லைசென்ஸையே எடுத்துக்கொள்வார்கள்.

மேற்பார்வைக்கு வந்தவர் ஒரு பெண் பல் டாக்டர். நம்ம டாக்டரைவிட ஆறேழு வயது சின்னவர், ஆனால் சிரிப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். முதல் நாளே ஒரு ஸ்டூலை எடுத்து, டாக்டரின் வலது தோளுக்குச் சற்றுப் பின்னால் போட்டுக்கொண்டார். அங்கிருந்து பார்த்தால்தான் வாய்க்குள் கை என்ன செய்கிறது என்று தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். டாக்டருக்கோ பிடரியில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

வருகிற ஒவ்வொருவரிடமும், "இவங்க என் வேலையைப் பார்க்கிறதுக்காக உட்கார்ந்திருக்காங்க" என்று டாக்டரே தன் வாயால் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. அதைக் கேட்ட ஒரு பெரியவர், "கத்துக்க வந்திருக்காங்களா? நல்லா பார்த்துக் கத்துக்கோம்மா. ராசியான கை!" என்று மேடத்தை ஆசீர்வாதம் பண்ணிவிட்டு வாயைத் திறந்தார். மேடம் முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை. டாக்டரின் காது மட்டும் சிவந்துபோயிற்று.

வீட்டிலும் நிலைகொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் கால் தன்பாட்டுக்கு ஆடும், அது ஆடினால் மேசை ஆடும், மேசை ஆடினால் தண்ணீர் தம்ளர் ஆடும்.

"முதல்ல அந்தக் காலை நிறுத்துங்க, எனக்குத் தலை சுத்துது," என்றாள் மனைவி.

"பின்னாடி ஒருத்தங்க உட்கார்ந்து முறைச்சுக்கிட்டே இருந்தா மனுஷனுக்கு வேலை ஓடுமா?"

"அப்பாடா, இப்பவாச்சும் தெரியுதா? கல்யாணமான புதுசுல உங்கம்மா சமையல்கட்டு வாசல்லயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்களே, அப்ப நான் வந்து சொன்னப்ப, 'அவங்க பாட்டுக்கு உட்கார்ந்திருக்காங்க, உனக்கென்ன'ன்னு கேட்டது யாரு?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் மேற்பார்வை மேடத்துக்கு மாமியார் என்ற பேர் நிலைத்துவிட்டது. மாமியார் இன்னிக்கு என்ன சொன்னாங்க, மாமியார் மூஞ்சி எப்படி இருந்துச்சு என்றுதான் சாயங்கால விசாரிப்பு ஆரம்பிக்கும். டாக்டர் பதில் சொல்ல ஆரம்பித்தால் முடிகிற இடம் ஒன்றுதான். "கையே தூக்காத ஒருத்தியால எனக்கு இந்தக் கதி! வாய் கூசாம ஒரு பொய்யைச் சொல்லிட்டுப் போயிட்டா." மனைவிக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது.

ஆனாலும் மனிதர் திருந்தினார், இல்லை என்று சொன்னால் பாவம். ஊசி போட்டபின் கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருக்கப் பழகினார். வாய் நிறையப் பஞ்சை வைத்துவிட்டு, "பையன் என்ன படிக்கிறான்?" என்று கேட்கிற பழக்கத்தை விட்டார். யாராவது கையை உயர்த்தி ஆட்டினால் சட்டென்று நிறுத்தினார். மேடம் அதையெல்லாம் குறித்துக்கொண்டார்.

இப்படியாகக் கடைசி நாள் வந்தது. மறுநாள் அறிக்கை போய்விடும். மனைவி அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு ஹோட்டலில் மேசை சொல்லி வைத்திருந்தாள்.

அன்றைக்குக் கடைசியாக வந்தவர் ஒரு தையற்காரர். இடது பக்கம் சொத்தைப் பல்லை அடைக்க வேண்டும். "ஊசின்னா எனக்குப் பயமே இல்லை டாக்டர், என் பொழப்பே அதுலதான்," என்று உட்காரும்போதே கலகலப்பாகப் பேசினார். வேலை வழுக்கிக்கொண்டு போயிற்று. மேடம் ஸ்டூலில் இருந்து எழுந்து, "நல்லா பண்ணினீங்க" என்று முதல்முறையாக ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு முன்னறைக்கு எழுதப் போனார். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை.

தையற்காரர் வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்தார். "நடுவுல தண்ணி தொண்டைக்குள்ள இறங்கிடுச்சு டாக்டர், ஒரு நிமிஷம் மூச்சே நின்னுபோச்சு. கையைத் தூக்கினேன். நீங்க முழங்கையால எறக்கி விட்டுட்டீங்க. சரி, முக்கியமான இடத்துல இருக்கீங்க போலன்னு அப்படியே முழுங்கிட்டேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவருக்கு அது புகாரே இல்லை. இனிப்பு எப்போது சாப்பிடலாம் என்று கேட்டார். டாக்டர் என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

கதவு மூடிய பிறகு டாக்டர் கையைக் கழுவினார். துடைத்துவிட்டு மறுபடியும் கழுவினார். அறைக்குள் நாற்காலியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு தன் ஸ்டூலில் உட்கார்ந்து, வெறும் நாற்காலிக்கு மேல் குனிந்து, கண்ணாடி பிடிக்கிற மாதிரி இடது கையை நீட்டிப் பார்த்தார். முழங்கை சரியாக, படுத்திருப்பவரின் கை உயரும் இடத்தில் போய் நின்றது. மாணவனாக இருந்தபோது ஒரு நோயாளி ஊசியோடு சேர்த்து அவர் கையைத் தட்டிவிட்டதும், ஊசி அவர் விரலிலேயே ஏறியதும், 'குறுக்கே வர்ற கையைத் தடுக்கத் தெரியாதா?' என்று வாத்தியார் எல்லார் முன்னிலும் கத்தியதும் ஞாபகம் வந்தன. அன்றைக்கு முழங்கை கற்றுக்கொண்டது. அவருக்குச் சொல்லாமலே இத்தனை வருஷம் வேலை பார்த்திருக்கிறது. வலது தோளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேடத்துக்கு அவருடைய முதுகே மறைத்திருக்கிறது.

யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. நாளையிலிருந்து ஜாக்கிரதையாக இருந்துகொண்டால் போயிற்று. இப்போது வாயைத் திறந்தால் ஆறு மாதமாகப் பட்ட பாடு அத்தனையும் தண்ணீரில் போய்விடும், லைசென்ஸும் கூடவே போகலாம். தலையெழுத்தா எனக்கு என்று அவர் தனக்குள்ளே சொன்னார். சொன்ன உடனே அது யார் கேட்ட கேள்வி என்று உறைத்தது. நான் ஏன் சார் பொய் சொல்லணும்? பாவி, அந்தம்மா முகத்தைப் பார்த்தல்லவா சிரித்தேன் என்று நெஞ்சு பதறியது. கால்கள் அவரைக் கேட்காமலே முன்னறைக்கு நடந்தன.

"கையெழுத்து மட்டும்தான் பாக்கி," என்றார் மேடம் நிமிராமல்.

"போடாதீங்க மேடம். அந்த பஸ் ஓட்டுறவங்க சொன்னது நிஜம்னு நினைக்கிறேன்."

தையற்காரர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். மேடம் பேனாவை மூடி வைத்தார். "யோசிச்சுத்தான் பேசுறீங்களா? இதை எழுதினா மறுபடி விசாரணை வைப்பாங்க. இந்தத் தடவை என்ன முடிவு பண்ணுவாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

"தெரியும் மேடம்."

"ஆறு மாசமா பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன், நான் எதைத்தான் பார்த்தேன்?" மேடத்துக்குக் கோபம் வந்துவிட்டது, யார்மேல் என்று சொல்லத் தெரியாத கோபம். சட்டென்று எழுந்தார். "ஒருத்தர் போறபோக்குல சொன்னதை வச்சு நான் எழுத முடியாது. வாங்க உள்ள." நேரே போய் நோயாளி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "என் பல்லைப் பாருங்க. சும்மா நடிக்க வேணாம், நிஜமாவே பாருங்க."

டாக்டர் கையுறை மாட்டி விளக்கை இழுத்தார். இப்போதுதான் தெரிந்துவிட்டதே, முழங்கையை நகரவிடக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஆரம்பித்தார். கீழ் வரிசை சுத்தம். மேல் இடது பக்கம் ஒரு பழைய அடைப்பு, அதன் ஓரத்தில் மெலிசாக ஒரு விரிசல். கருவியின் முனையால் தடவினார், முனை உள்ளே இறங்கியது. அட, அடியில் சொத்தை ஓடியிருக்கிறதே! குனிந்தார். இன்னும் கொஞ்சம் குனிந்தார். சுரண்டிப் பார்த்தார், ஆழம் பார்த்தார், பக்கத்துப் பல்லுக்குப் பரவியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது.

"மேடம், இதை இப்படியே விட்டா வேர் வரைக்கும் போயிடும்," என்று உற்சாகமாக நிமிர்ந்தார். அப்புறம்தான் எதற்கு உட்கார்ந்தோம் என்பது ஞாபகம் வந்தது. "நீங்க கையைத் தூக்கவே இல்லையே?"

மேடம் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

"மூணு தரம் தூக்கினேன்."

"எப்போ?"

மேடம் இடது மணிக்கட்டை வலது கையால் தேய்த்துவிட்டுக்கொண்டார். "மெதுவாத்தான் எறக்குறீங்க," என்றார்.

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. கையுறையைக் கழற்றித் தட்டில் போட்டார்.

"முதல்ல அதை எழுதுங்க மேடம்," என்றார். "அந்த பஸ் ஓட்டுறவங்க கையைத் தூக்கினாங்க, நான்தான் எறக்கினேன்னு. அவங்க பொய் சொல்லலைன்னு அவங்களுக்கு எழுத்துல போகணும். என் விஷயத்தை அப்புறம் பார்த்துக்கலாம்."

செல்போன் அடித்தது. மனைவி. அவர் அதை எடுத்துக்கொண்டு கதவருகே போனார்.

"என்னங்க, மாமியார் கிளம்பிட்டாங்களா?" என்றாள் எடுத்த எடுப்பில். "நான் புடவை மாத்திட்டு ரெடியா இருக்கேன்."

உள்ளே மேடம் ஸ்டூலைத் தரதரவென்று இழுத்து, நாற்காலிக்கு இடது பக்கம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்திருந்தார்.

"இல்லை," என்றார் டாக்டர். "அந்தம்மா கையைத் தூக்கியிருக்காங்க."

எந்தம்மா என்று மனைவி கேட்கவில்லை.